அண்ணன் இறந்துவிட்டதாகச் சொன்ன நாள்

அயர்லாந்தில் தூறல் விழும்போதும் துணிகள் கொடியிலேயே கிடக்கின்றன. சற்று நேரத்தில் வெயில் வரும், மறுபடி தூறும், மறுபடி வெயில் வரும் என்று விட்டுவிடுகிறார்கள். வரதராசன்பேட்டையில் களம் நிறைய முந்திரிக்கொட்டை காயப்போடும் வீட்டில் பிறந்தவனுக்கு இது பொறுக்கக்கூடிய காட்சியன்று. முதல் துளிக்கே சாக்கும் கையுமாக ஓடிப் பழகிய கால்கள் இவை. வந்த புதிதில், ஒரே நாளில் நான்கு முறை துணிகளை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் ஓடியிருக்கிறேன். பக்கத்து வீட்டு மோரீன் அம்மையார் வேலிக்கு அப்பால் நின்று அதை மரியாதையோடு வேடிக்கை பார்ப்பார்.

பெரம்பலூரில் இருபத்தைந்து ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுக் காலம் தாழ்ந்து மணந்தேன். செவிலியரான என் மனைவி ஸ்டெல்லாவுக்கு இங்கே வேலை கிடைத்தபோது விருப்ப ஓய்வு பெற்று உடன் வந்தேன். மகள் ரோஸிக்கு நான்கு வயது, எனக்கு ஐம்பத்தெட்டு. அவளுக்குத் தலை பின்னுவதும், சமைப்பதும், துணி காயப்போடுவதுமே என் பணி. ஊரில் கேட்டவர்களுக்கு மட்டும் பாடநூல் எழுதிக்கொண்டிருப்பதாகச் சொல்லிவைத்திருந்தேன்.

ஸ்டெல்லா மருத்துவமனைக்கும் ரோஸி மழலையர் பள்ளிக்கும் போன பிறகு, காலை பத்து மணியளவில் நெஞ்சின்மேல் ஒரு பாரம் வந்து உட்காரும். காரணம் எதுவும் இராது. மனைவி அன்பானவர், மகள் நலம், வீடு கதகதப்பானது. ஆயினும் ஒரு காலுறைக்கு அதன் ஜோடியைத் தேடி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். போட்ட காப்பி ஆறிப்போகும். எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் வந்து துக்கம் கேட்பார்கள். மழை பொய்த்தாலும் வந்து உட்காருவார்கள். ஒன்றுமே நடக்காத வீட்டில் எவர் வந்து எதைக் கேட்பது?

ஒரு நாள் தூறலில் ரோஸியின் சிறு சட்டையைக் கொடியில் மாட்டிக்கொண்டிருந்தபோது அழுதுவிட்டேன். தலை நிமிர்ந்தால், வேலிக்கு அப்பால் மோரீன். “என்ன ஆயிற்று, மிஸ்டர் அருள்?” என்றார். காரணமின்றி அழும் மனிதனாக அவர் முன் நிற்க என் மானம் இடம் கொடுக்கவில்லை. “என் அண்ணன் இறந்துவிட்டார்” என்றேன்.

வெள்ளைக்காரர்கள் அனுதாப அட்டை ஒன்றை அனுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்வார்கள் என்பது என் கணக்கு. அது பிழை. மாலையே தெருவில் நான்கு வீட்டார் வந்து கையைப் பிடித்தார்கள். நாற்காலியில் அமர்ந்து, பேசாமல் இருந்தார்கள். அப்படியே எங்கள் ஊர்த் துக்கம் கேட்டல். மோரீன் ஒரு ஆப்பிள் டார்ட்டும், அண்ணனின் ஆன்ம இளைப்பாற்றிக்குத் தேவாலயத்தில் பூசை ஒப்புக்கொடுத்ததற்குப் பங்குத்தந்தை கையெழுத்திட்ட அட்டையும் கொண்டுவந்தார். அண்ணன் பெயரை நானே எழுத்துக் கூட்டிச் சொல்லியிருந்தேன். அன்றிரவு வேலை முடிந்து வந்த ஸ்டெல்லா அட்டையைப் படித்தார், என் முகத்தைப் பார்த்தார், அதைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டிவைத்தார். “நீங்களா சொல்ற வரைக்கும் நான் கேக்க மாட்டேங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சவரிமுத்து வீடியோவில் அழைத்தார். கைப்பேசியை முதலில் எடுத்தவள் ரோஸி. “பெரியப்பா, நீங்க செத்துப் போயிட்டீங்கன்னு மோரீன் ஆன்ட்டி கேக்கு கொண்டாந்தாங்க.”

அண்ணன் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். பிறகு, “கேக்கு எப்படிம்மா இருந்துச்சு?” என்றார். “சரி, அப்பங்காரன்கிட்ட குடு.”

கைப்பேசியை வாங்கி, நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன்.

“எதுக்குடா அழுத?”

“தெரியலண்ணா.”

“தெரியலன்னா தெரியலன்னு சொல்லிட்டுப் போறது. அதுக்கு என்னையப் போட்டுத் தள்ளணுமா?” என்றவர் சிரித்தார். “செத்துட்டான்னு சேதி வந்தா ஆயுசு கெட்டிம்பாங்க. பத்து வருசம் கூட்டிக் குடுத்திருக்கடா தம்பி.” பின் குரலைத் தாழ்த்தி, “பாடப் பொஸ்தகம் எழுதறேன்னியே, அதுவும் இந்த மாதிரிதானா?” என்றார்.

“ஆமாண்ணா.”

“புள்ளைய வளக்குறேன்னு சொல்லேன். ஒங்க அண்ணி காலு ஒடிஞ்சு கெடந்தப்ப இந்த வூட்டுல ஆறு மாசம் நாந்தான் சோறாக்கினேன். மீசை உதிர்ந்தா போச்சு?”

மறுநாள் மோரீனின் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வெறும் தட்டாகக் கொடுக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. அண்ணன் அனுப்பிய முந்திரிப்பருப்பை நிரப்பியிருந்தேன். “இதை அனுப்பியவர் உயிரோடு இருக்கிறார்” என்றேன். வாழ்நாளில் நான் சொன்ன வாக்கியங்களில் கடினமானது அதுவே. அவர் விளங்காமல், “சாகுமுன்பு அனுப்பினாரா?” என்றார். முழுவதையும் சொல்ல வேண்டியதாயிற்று.

அவர் ஒரு பருப்பை எடுத்து மென்றார். “என் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஓராண்டு முழுவதும் எனக்கு ஜலதோஷம் என்றே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்” என்றார். அந்த வாரமே தம் மருத்துவரிடம் என்னை அழைத்துச் சென்று, வெளியே காத்திருந்தார். அண்ணனுக்கான பூசை இனி என்னாகும் என்று நான் கேட்டதற்கு, “உங்கள் அண்ணனுக்கு என்றைக்கேனும் தேவைப்படும்” என்றார்.

பாரம் இன்னமும் வருகிறது, முன்போல் நாள்தோறும் இல்லை. வரும் காலைகளில் அண்ணனை அழைத்து, கைப்பேசியைக் குளிர்பெட்டிமேல் சாய்த்துவைக்கிறேன். கீழே கதவில் அவருக்கான பூசை அட்டை. மேலே வெற்றிலை மெல்லும் அவர் முகம்.

“மழையாடா?”

“தூறல்ணா.”

“துணிய எடுத்துட்டியா?”

“கெடக்கட்டும்ணா.”

“இன்னிக்கு எப்படி இருக்க?”

“இன்னிக்கு நல்லா இல்லண்ணா.”

“சரி. வெச்சுடாத. அப்படியே இரு.”

அதன்பின் இருவரும் பேசுவதில்லை. அவருக்குப் பின்னால் களத்து வெயிலில் முந்திரிக்கொட்டை காய்கிறது. எனக்குப் பின்னால், சன்னலுக்கு வெளியே, கொடியில் ரோஸியின் சட்டை நனைகிறது.