தன்மையான மாப்பிள்ளை

மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்ததும் வீடு முழுக்க முந்திரி வாசம்... எழுபதுகளில் ஒரு சாயங்காலம். எங்கள் ரீத்தா அக்காவைப் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வாங்கி வந்தது.

தூத்துக்குடி துறைமுகத்தில், கப்பலில் ஏற்றி இறக்கும் சரக்கை எண்ணிக் கணக்கெழுதும் டாலி கிளார்க் வேலை. அவர் வாசல் ஏறி உள்ளே வந்ததும், முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா சட்டென்று எழுந்து நின்றார். மகன் உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்தார். பிள்ளைமேல் என்ன மரியாதை என்று எங்கள் அம்மா பூரித்துப்போனாள்.

அந்தக் காலத்தில் மாப்பிள்ளை பற்றி ஊரில் விசாரிப்பதுதான் வழக்கம். அப்பா விசாரித்தார். டீக்கடையில், கோயில் வாசலில், துறைமுக கேட்டில்... எல்லா இடத்திலும் ஒரே சொல்தான்.

"அவரா? தன்மையான ஆளுல்லா அண்ணாச்சி! லோடுமேனைக்கூட 'ஏலே'ன்னு கூப்பிட மாட்டாரு."

எங்கள் பக்கம் அது பெரிய சொல். முகம் கோணாமல், குரலை உயர்த்தாமல் பேசுகிறவரைத்தான் தன்மையான ஆள் என்போம். லேசில் யாருக்கும் அந்தப் பட்டம் கிடைக்காது. அதைக் கேட்ட பிறகு அப்பா வேறெதுவும் கேட்கவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு பூசையில் கல்யாண ஓலை வாசித்து, யாருக்காவது தடை உண்டா என்று கேட்டார்கள். தடை சொல்ல ஒருவரும் இல்லை.

அடுத்த மாதா திருவிழாவுக்கு அக்கா தனியாக வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள்.

"வீட்டுக்குள்ள வந்தா அவரு வேற ஆளுப்பா... கை நீட்டுதாரு."

அப்பா, "ஊரு முழுக்க விசாரிச்சுத்தான தாயி குடுத்தேன்? ஒருத்தரும் குறை சொல்லலியே... நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போவணும்" என்றார்.

அப்பா கெட்டவர் இல்லை. ஊர் சொன்னதை நம்பினார், அவ்வளவுதான். பெற்ற மகள் சொன்னதைத்தான் நம்பவில்லை. அம்மா கருவாடு கட்டிக் கொடுத்தாள். அக்கா பஸ் ஏறிப் போனாள். அதற்குப் பிறகு அவள் எங்களிடம் எதுவும் சொன்னதே இல்லை.

இப்போது டீக்கடையில் யார் விசாரிக்கிறார்கள்? எல்லாம் பேஸ்புக்தான். அதிலும் எல்லாரும் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார்கள்...

போன வருஷம் அத்தான் போய்ச் சேர்ந்தார். வீடு கொள்ளாத கூட்டம். வந்தவர்கள் எல்லாம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எவ்வளவு தன்மையான மனுஷன்!" என்று அழுதார்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் தலையாட்டினாள்.

கல்லறையிலிருந்து எல்லாரும் திரும்பிய பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏளா... ஊரு சொல்லுத அந்த மனுஷங்கூட நான் ஒரு நாளாவது வாழ்ந்திருக்கக் கூடாதா?"