கேரட் வண்டிக்காரன் கதாநாயகன் ஆன கதை

கல்லூரி முடித்த கையோடு ஆயக்குடியிலிருந்து கொடைக்கானலுக்கு வேலைக்கு வந்தேன். ஏரியிலிருந்து சற்றுத் தள்ளி, மேட்டில் இருக்கும் ஒரு காட்டேஜில் ரிசப்ஷன் வேலை. வைஃபை பாஸ்வேர்டு சொல்ல வேண்டும். வெந்நீர் வருமா என்று கேட்டால் வரும் என்று சொல்ல வேண்டும். மூடுபனி எப்போது விலகும் என்று கேட்டால் வானத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். நான் திருநங்கை என்பது முதலாளியம்மாவுக்குத் தெரியும். "கெஸ்ட்டுகிட்ட சிரிச்சுப் பேசுவியா? அது போதும்" என்று சேர்த்துக்கொண்டார்.

மீதி நேரத்தில் கதை எழுதினேன். செல்போனில், கதை படிக்கிற ஒரு ஆப்பில், புனைபெயரில் ஒரு காதல் தொடர். கதாநாயகி பேக்கரியில் வேலை செய்யும் திருநங்கை. அவளை எழுதுவது சுலபம். கேக் செய்யத் தெரியும் என்பதைத் தவிர அவள் நான்தான். சிக்கல் கதாநாயகனிடம் இருந்தது. அவன் ஜீப் டிரைவர், நல்ல உயரம்; அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என்னை அதுவரை யாரும் காதலித்ததில்லை. காதலிக்கிறவன் எப்படிப் பேசுவான் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வாசகி கமெண்ட் போட்டிருந்தார்: "ஹீரோ பேசுறது லோன் குடுக்குற பேங்க் மேனேஜர் மாதிரி இருக்கு."

பள்ளங்கியிலிருந்து எங்களுக்குக் காய்கறி கொண்டுவரும் பிக்கப் வண்டிக்கு அந்தச் சமயத்தில்தான் புது ஆள் வந்தான். என் வயதுதான் இருக்கும். மற்ற டிரைவர்கள் என்னைச் சார் என்பதா மேடம் என்பதா என்று தடுமாறி, கடைசியில் சுவரைப் பார்த்துப் பேசுவார்கள். இவன் என் முகத்தைப் பார்த்தே, "உங்கள எப்படிங்க கூப்பிடணும்?" என்று கேட்டான். பெயரைச் சொன்னேன்.

"நல்ல பேருங்க" என்றவன் கூடைகளை இறக்கி வைத்தான். "கேரட்டு, பீன்ஸு, சௌசௌ எல்லாம் இருக்கான்னு பார்த்துக்கங்க. நான் போன பெறகு பீன்ஸு தானா எந்திரிச்சு ஓடிப்போச்சுன்னா அதுக்கு நான் பொறுப்பில்ல."

அன்று மத்தியானமே என் ஜீப் டிரைவருக்குப் பேச்சு வந்துவிட்டது.

அதன் பிறகு அவனைப் பேச வைப்பதற்காகவே தேவையில்லாத கேள்விகள் கேட்டேன். ஏன் லேட் என்றால், "வெள்ளனே கெளம்பிட்டேங்க. வழியில ஒரு மாடு நடுரோட்டுல படுத்துக் கெடக்கு. எந்திரிம்மான்னா, உனக்கு வேற சோலி இல்லையாங்கிற மாதிரி பார்க்குது" என்பான். அந்த மாடு அன்றைக்கே கதையில் ஜீப்பை மறித்துப் படுத்தது. தண்ணீர்த் தொட்டி ஓரத்தில்தான் சிக்னல் கிடைக்கும். அங்கே குளிரில் நின்று அத்தியாயத்தை ஏற்றுவேன். வாசகிகள் ஜீப் டிரைவருக்கு ஹார்ட்டு ஹார்ட்டாக அனுப்பினார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

ஒரு நாள் அவன் கூடைகளை இறக்கிய பிறகும் போகாமல் நின்றான்.

"நீங்க கதை எழுதுவீங்களாங்க?"

"யார் சொன்னா?"

"என் தங்கச்சி போன்ல ஒரு கதை படிக்கிறா. வீட்டுல எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டுறா. அதுல ஒரு டிரைவரு, பீன்ஸு ஓடிப்போச்சுங்கிறான். இந்த மலையில அப்படிப் பேசுற கிறுக்கன் நான் ஒருத்தன்தான்."

கவுண்டருக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. "கோபமா?" என்றேன்.

"கோபமெல்லாம் இல்ல. வண்டிய ஏன் ஜீப்பா மாத்துனீங்க? பிக்கப்புக்கு என்ன கொறச்சல்?"

கதை முடிவை நெருங்கியது. முடிவை நான் ஆரம்பத்திலேயே தீர்மானித்திருந்தேன். அவன் அவளை விட்டுப் போய்விடுவான். நான் பார்த்த கதைகளில் எங்களைப் போன்றவர்கள் செத்துப்போவார்கள், இல்லையென்றால் அடுத்தவர் கல்யாணத்தில் கைதூக்கி ஆசீர்வாதம் செய்வார்கள். கைப்பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனதாக நான் எங்கேயும் படித்ததில்லை. அதனால் ஜீப் டிரைவர் பழனிக்குப் பஸ் ஏறினான். அழுதுகொண்டே எழுதி, அழுதுகொண்டே ஏற்றினேன்.

மறுநாள் காய்கறி வரும் நாள் இல்லை. ஆனாலும் வண்டி வந்தது. காலி வண்டி. அவன் நேராக ரிசப்ஷனுக்கு வந்தான்.

"அவன் ஏங்க போறான்?"

"வீட்டுல ஒத்துக்க மாட்டாங்க."

"ஒத்துக்கலன்னா சண்ட போடுவான். கோவிச்சுக்கிட்டு சாப்பிடாம கெடப்பான். பசிச்சா எந்திரிச்சு சாப்பிட்டுட்டு மறுபடி சண்ட போடுவான். ஆனா போக மாட்டான்."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அவன் நான்தானேங்க."

சொல்லிவிட்டு அவனே பயந்துபோய் ஜன்னலைப் பார்த்தான். ஏதாவது சொல்லியிருப்பேன். அதற்குள் ஒருவர் பக்கெட்டோடு வந்து வெந்நீர் வரவில்லை என்றார். வரும் என்றேன். அவர் போன பிறகும் நாங்கள் இருவரும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம்.

அன்றே ஜீப் டிரைவரைப் பாதி வழியில் பஸ்ஸிலிருந்து இறக்கினேன். நடக்கிற காரியமா இது என்று சில வாசகர்கள் திட்டினார்கள்.

பிக்கப்காரன் என்னைப் பற்றி வீட்டில் சொன்னான்; நிஜமாகவே சண்டை நடந்தது. ஒரு வேளைகூட பட்டினி கிடக்கவில்லை என்று தங்கை எனக்குப் போன் செய்து சொன்னாள். அவன் அம்மா மாதக்கணக்கில் என் பேச்சையே எடுக்கவில்லையாம். கிறிஸ்துமஸுக்கு என்னைக் கூட்டிவரச் சொன்னார். என் முகத்தைப் பார்க்காமலே இலை போட்டுப் பரிமாறினார். எனக்கு மட்டன் உள்ளே இறங்கவே இல்லை. பிறகு இலையில் இன்னொரு கரண்டி குழம்பை ஊற்றிவிட்டு, "அந்தக் கதையில வர்ற மாமியார ஏன் அம்புட்டுக் கொடுமக்காரியா எழுதியிருக்க?" என்று கேட்டார். தங்கைக்குப் புரையேறியது. மாற்றிவிடுகிறேன் அத்தை என்றேன். அத்தை என்று எப்படி வாயில் வந்ததோ தெரியாது. அவர் திருத்தவும் இல்லை.

சாயங்காலம் அவன்தான் வண்டியில் என்னைக் கொண்டுவந்து விட்டான். மூடுபனி இறங்கி முன்னால் ஒன்றும் தெரியவில்லை. ஒரு வளைவு தாண்டியதும் என் கையைப் பிடித்தான். மேடு வந்தது.

"ஒரு நிமிஷங்க, கியர் மாத்தணும்" என்று கையை எடுத்தான். மாற்றிவிட்டு மறுபடி பிடித்துக்கொண்டான்.