காடு காத்த ஜனாதிபதியும் எங்கள் தெரு மரமும்

லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் நாங்கள் குடியிருந்த தெருவின் மூலை வீட்டுக்காரர் எந்நேரமும் ஒரு தடித்த லைப்ரரிப் புத்தகத்தோடுதான் திரிவார். அட்டையில் மீசையும் மூக்குக்கண்ணாடியுமாக, நூறு வருடத்துக்கு முந்திய ஓர் அமெரிக்க ஜனாதிபதி. பேசும்போதும் புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்திருப்பார், விட்ட இடத்தில் உடனே தொடரப் போகிறவர் போல. ரயில் நிலையம்வரை அவரோடு நடந்தால் பாதி அமெரிக்கக் காட்டைக் கடந்த களைப்பு வரும்.

“மனுசன் ஒரு கையெழுத்தில ஒரு காட்டையே காப்பாத்தினவர், தம்பி. மரம் வெட்டுற முதலாளிமார் ஒண்டும் செய்ய ஏலாமல் நிண்டவை.”

“அவர் பெரிய வேட்டைக்காரர் எல்லோ, அண்ணை?”

“ஓம். காடு இல்லாட்டி எங்க போய்ச் சுடுறது?”

ஒரு மே மாதக் காலை, விரல் வைத்திருந்த பக்கத்திலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். கவுன்சிலுக்கு ஒரு மனு. தெருவோர மரம் தழைத்து டிஷ் அன்டெனாக்களை மறைப்பதால் தமிழ் டிவி தெரியவில்லை. மரத்தை வெட்டித் தரவேண்டும். கீழே, தெருவிலுள்ள தமிழர் எல்லோரும் கையெழுத்திட்டிருந்தார்கள், என்னைத் தவிர.

“உங்கட ஜனாதிபதி இதைப் பார்த்தால் என்ன சொல்லுவார், அண்ணை?”

“அவர் காப்பாத்தினது காடு, தம்பி. இது ஒரு மரம்.” அவர் சிரிக்கவில்லை.

மறுத்திருக்கலாம். ஆனால் இலை துளிர்த்ததிலிருந்து எங்கள் வீட்டிலும் சீரியலில் அழுகிறவர்கள் பாதி அழுகையில் உறைந்து நின்றார்கள். தாளை வைத்து எழுத ஒன்றுமில்லை என்றேன். அவர் புத்தகத்தையே நீட்டினார். ஜனாதிபதியின் முகத்தின்மேல் வைத்து அழுத்திக் கையெழுத்திட்டேன்.