கண்மாய் காய்ந்தால்தான் பறக்கலாம்

ராஜபாளையத்தில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு விமானம் வைத்திருந்தோம். சொன்னால் என் பேரன்களே நம்புவதில்லை. எண்பதுகளின் நடுவில், கோயம்புத்தூரில் ஒருவர் பறந்து சலித்துப்போய் விற்ற மைக்ரோலைட் அது. அலுமினியக் குழாய், துணி இறக்கை, முதுகுக்குப் பின்னால் இன்ஜின். ஸ்பின்னிங் மில் முதலாளி ஒருவர், ஒரு டாக்டர், எங்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த விமானப்படைக்காரர், வியாபாரிகள் இருவர், கல்லூரியில் இயற்பியல் நடத்திய நான். ஆறு பேருக்கும் சம பங்கு.

ஓடுதளம், வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு கண்மாய். வருஷத்தில் பாதிக்கு மேல் தரை வெடித்துக் கிடக்கும். கரையை ஒட்டி நிலம் வைத்து விவசாயம் பார்த்த சம்சாரி ஒருவர் தன் கொட்டகையை விமானத்துக்கு விட்டுவிட்டு மாடுகளை வேம்படியில் கட்டினார்.

கிளப்புக்குச் சட்டம் வகுத்தபோது அவரிடம்தான் யோசனை கேட்டோம். கண்மாய்த் தண்ணீரை அவர்கள் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். முறையைத் தவறவிட்டவன் அடுத்த சுற்று வரை காத்திருக்க வேண்டும். நாங்களும் அப்படியே வைத்துக்கொண்டோம். ஞாயிறுக்கு ஒருவர், காற்று திரும்பினாலும் பிளக் கெட்டாலும் அது அவரவர் தலையெழுத்து.

மற்ற ஐவரும் தனியாக ஏறி இறங்கிவிட்டார்கள். என் முறை வந்தால் காற்றடிக்கும், இல்லையென்றால் இன்ஜின் இருமி நின்றுவிடும். ஆடு மேய்ப்பவர்கள் கரைமேல் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஏலே, வாத்தியாரு கொக்கு இன்னைக்காவது எந்திரிக்குமா?"

"எந்திரிக்கும்லே. நாம நாலு பேரு பின்னால நின்னு தள்ளணும்."

நானும் சேர்ந்து சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சோறு இறங்காது. இறக்கை எப்படிக் காற்றில் எழும்புகிறது என்று வருஷக்கணக்காகக் கரும்பலகையில் எழுதியவன், ஒரு தடவைகூடத் தனியாகத் தரையை விட்டுக் கிளம்பவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சட்டம் இறுகியது. தளத்தைப் பார்த்து அனுமதி கொடுக்க மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வருவதாக இருந்தது, தீபாவளி கழிந்த வாரத்தில். தளம் தேறாவிட்டால் கிளப்பை மூடிவிடலாம் என்று மில்காரர் சொல்லிவிட்டார். தேறினால் அடுத்த முறை என்னுடையது.

அந்த ஐப்பசியில் முதல் மழை நன்றாகவே பெய்தது. கண்மாயில் ஓடுதளத்தின் பாதி முழுகியது. ஊரே சந்தோஷமாக நடவு போட்டது. நான் கரைமேல் நின்று அந்தத் தண்ணீரை வெறுத்தேன். தேதியைத் தள்ளிவைக்கக் கேட்டுப் பார்த்தோம், நடக்கவில்லை.

தீபாவளியன்று சம்சாரி வீட்டில் மகளுக்குத் தலைதீபாவளி. என்னையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அன்றைக்குக் கண்மாய்க் காவல் அவர் முறை என்று எனக்குத் தெரியும்.

"காவலுக்குப் போகலையா, அண்ணாச்சி?"

"மருமவனுக்குப் பந்தி வைக்காம போனா எம் பொண்டாட்டி என்னைய மடையில வச்சு அடைச்சிருவா சார். காலையிலதான் மடைக்கதவ நல்லா இறுக்கிட்டு வந்தேன். பொறவு போய்ப் பாத்துக்கிடுதேன்."

விமானத்தைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்தேன். கொட்டகையில் எங்கள் பெட்ரோல் கேனுக்குப் பக்கத்தில்தான் மடை திறக்கும் கைப்பிடி தொங்கியது. எடுத்துக்கொண்டு போய் மடையின் இரும்புக் கதவைத் தூக்கினேன். ஓடுதளத் தரை தெரிகிற அளவுக்கு வடிந்ததும் அடைத்துவிடலாம் என்பது என் எண்ணம்.

அடைக்கப் போனபோது கதவு இறங்கவில்லை. வெள்ளம் இழுத்து வந்த ஏதோ ஒரு கட்டை அடியில் சிக்கிக்கொண்டது. உள்ளங்கைத் தோல் உரியும் வரை திருகினேன். கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் உதைத்தேன். அசையவில்லை. ஊர் கூப்பிடு தூரம்தான். ஒரு குரல் கொடுத்திருந்தால் மணல் மூட்டையோடு ஓடி வந்து அடைத்திருப்பார்கள். வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். யார் திறந்தது என்று கேட்பார்களே! கைப்பிடியைக் கொண்டுபோய்ப் பழையபடி மாட்டிவிட்டு, ஈர வேட்டியோடு ராஜபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

மருமகனைப் பேச்சின் நடுவில் விட்டுவிட்டு வர முடியாமல் சம்சாரி அன்று போகவில்லை. விடிந்து பார்த்தபோது தண்ணீர் வயலையெல்லாம் தாண்டி ஓடையில் போயிருந்தது. அதற்குப் பிறகு அந்த வருஷம் மழை இல்லை. கதிர் வரும் முன்பே பயிர் கருகியது. மெட்ராஸ் அதிகாரி கணுக்கால் வரை சேற்றில் புதைந்து, காலை உருவிக்கொண்டு திரும்பிப் போனார். கிளப் அன்றோடு முடிந்தது. விமானம் மில்லின் பஞ்சு குடோனுக்குப் போயிற்று.

ஊர்க்கூட்டத்தில் சம்சாரியின் தண்ணீர் முறையைப் பறித்துவிட்டார்கள். "அடியில கட்டை கெடந்திருக்கு சார். பாக்காம அது மேலயே இறுக்கிட்டேன் போல," என்று என்னிடம் சொன்னார். அப்போதும் எனக்கு வாய் இருந்தது. "மனுஷனுக்கு நடக்கிறதுதான், அண்ணாச்சி," என்றேன்.

தண்ணீர் இல்லாத நிலத்தை அவரால் வைத்துக்கொள்ள முடியவில்லை. மாடுகளும் போயின. மில்காரரிடம் சொல்லி அந்தக் குடோனிலேயே அவருக்கு வாட்ச்மேன் வேலை வாங்கிக் கொடுத்தேன். கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எப்போது போனாலும் இறக்கையில் படிந்த பஞ்சுத் தூசியைத் துடைத்துக்கொண்டிருப்பார். "ஒங்க முறை வராமலே போயிருச்சே சார்," என்று எனக்காக வருத்தப்படுவார்.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தன் தலைதீபாவளியால்தான் அப்பாவின் பெயர் கெட்டது என்று மகள் இன்றும் சொல்லி அழுவதாகக் கேள்விப்பட்டேன். அம்மா, உன் அப்பா மடையைச் சரியாகத்தான் இறுக்கியிருந்தார். அதைத் திறக்க நான் இரண்டு கையாலும் என் பலம் முழுவதையும் போட வேண்டியிருந்தது.