அளவு நோட்டில் எழுதிய எண்

எங்கள் மாடிக் குடியிருப்பில் அவளை ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவோம். பதினாறு வருடமாகத் தையல் வேலை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் தோளளவு சொல்லிவிடுவாள். புருஷன் கை நீட்டுகிறவன். அந்தச் சத்தம் கேட்டால் எதிர்வீட்டுக்காரியான நான் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. என்ன செய்ய, அவனைக் கண்டாலே எனக்கு ஈரக்குலை நடுங்கும்.

அவன் ஒரு நடிகரின் ரசிகர் மன்றச் செயலாளர். அந்த நடிகர், வீட்டில் அடிபடும் பெண்கள் கூப்பிட ஓர் உதவி எண்ணை விளம்பரம் செய்தார். சுவரொட்டியில் அவர் முகம் பெரிதாக இருந்ததே, போதாதா? தெரு முழுக்க இவனே ஒட்டித் தீர்த்தான். ஒன்றைத் தையல் மெஷினுக்கு எதிரிலும் ஒட்டி, தினமும் தூசி தட்டச் சொன்னான். கீழே என்ன எழுதியிருக்கிறது என்று அந்தப் புண்ணியவான் ஒரு நாளும் படிக்கவில்லை.

போன வாரம் ஒரு நாள் முற்பகலில், தைத்த சட்டையோடு அக்கா என் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய அளவு நோட்டைச் சும்மா புரட்டினேன். என் பெயருக்குக் கீழே இடுப்பு தொண்ணூற்றேழு அங்குலம் என்றிருந்தது.

“ஏக்கா, நான் என்ன தண்ணி டேங்க்கா?”

அவள் சிரிக்கவில்லை. “அது உன் அளவில்லம்மா. அந்த போஸ்டர் நம்பர். பிச்சுப் பிச்சு அளவா எழுதி வச்சிருக்கேன். அவரு தினமும் என் போனை நோண்டுவாரு, நோட்டைத் தொடமாட்டாரு. உன் போனைக் கொஞ்சம் தர்றியா?”

கொடுத்தேன். இரண்டு முறை தப்பாக அழுத்தினாள். அவசரத்தில் ஸ்பீக்கர் வேறு திறந்துகொண்டது. மணி அடித்துக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்து நின்றான்.

“இங்க என்னடி பண்ற?”

அக்கா போனை மேசைமேல் நழுவவிட்டாள். அதிலிருந்து அந்த நடிகரின் குரல் வந்தது. காத்திருப்பவர்களுக்காக அவர் பேசிப் பதிவு செய்தது. அவன் முகம் மலர்ந்தது.

“அட, தலைவர் குரலு! புதுப் படமா?”

“ஆ... ஆமாண்ணே,” என்றேன் நான்.

தலையைச் சாய்த்து ஆசையாகக் கேட்டான். குரல் சொன்னது: “பயப்படாதீங்க, லைன்லயே இருங்க. பொண்டாட்டிய அடிக்கிறவன் எனக்கு ரசிகனே இல்ல.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. போனைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பின்னால் கைவிட்டுக் கதவைத் தாழிட்டான்.

“ஹலோ, சொல்லுங்கம்மா,” என்றது ஒரு பெண் குரல்.

போனை அணைக்கத்தான் நான் கையை நீட்டினேன். சத்தியமாக அதற்குத்தான். கத்தரிக்கோல் பிடித்துக் காய்த்துப்போன விரல்களால் அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பிறகு கதவு எண்ணிலிருந்து தொடங்கி உரக்க விலாசம் சொன்னாள். அவள் வீட்டு விலாசம் இல்லை, என் வீட்டு விலாசம்.

“சீக்கிரம் வாங்க,” என்றாள். “அவரு இங்கதான் நிக்கிறாரு. நாங்க ரெண்டு பேர் இருக்கோம்.”