நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை

சோபா தைக்கும் அந்த மனிதர் மறுபடியும் தன் கத்தரிக்கோலை மெத்தைக்குள் வைத்துத் தைத்துவிட்டார். சோபாவின் சொந்தக்காரர் உட்கார்ந்த வேகத்திலேயே துள்ளி எழுந்து, வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டுப் போனார்.

"எல்லாம் அந்த மாத்திரை பண்ற வேலை" என்று மறுநாள் சோபா தைப்பவரின் மனைவியும் அவரோடு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். போதை ஊசிப் பழக்கத்தை விட்டிருந்த அவருக்குப் பழைய ஆசை தலைதூக்காமல் இருக்க அங்கே தினமும் ஒரு மாத்திரை தருவார்கள். அதை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைக்க வேண்டும். கரையும்வரை பேசக் கூடாது. குறை சொல்ல இதைவிட நல்ல நேரம் வாய்க்குமா? அவர் மாத்திரையை வாயில் போட்டதுமே மனைவி டாக்டரிடம் ஆரம்பித்துவிட்டாள்.

"பால் வாங்கச் சொன்னா மறந்துடறார் டாக்டர். பொண்ணைக் கூட்டிட்டு வரச் சொன்னா, வேற ஸ்கூல் வாசல்ல போய் நிக்கறார்!"

அவர் கண்ணை உருட்டினார், கையை ஆட்டினார். யார் பார்த்தார்கள்?

"சிலருக்குக் கவனம் கொஞ்சம் மந்தமாகலாம்மா. மாத்திரையாலயா, பழைய ஊசியாலயா, தூக்கம் பத்தாமலான்னு டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம். ஊசி போட்ட காலத்துல எப்படி இருந்தார்?"

"அப்போ ஒரு வேலையைக்கூட மறந்ததில்ல டாக்டர்!"

மாத்திரை கரைந்து முடிந்தது.

"அப்போ என்னை நம்பி யாரு என்ன வேலை சொன்னீங்க, நான் மறக்கறதுக்கு?" என்றார் அவர்.

மனைவியின் நாக்குக்கு அடியில் மாத்திரை எதுவும் இல்லை. ஆனாலும் வீடு வந்து சேரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை.