ஓடுதளத்துக்கு அடியில் ஒரு கிணறு

திருவனந்தபுரத்தை ஒட்டிய கழக்கூட்டத்தில் பழைய கட்டடங்களை இடிக்கும் குழுவில், கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் மெஷின் பிடிக்கும் ஒரே பெண் பூமாரி. பிறந்த ஊர் ஓடைவிளை. கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தவள்.

ஓடைவிளைக்குக் குடிதண்ணீர் லாரியில்தான் வரும். ஊருக்கு வடக்கே செம்மண் பொட்டலில் உலகப்போர்க் காலத்து விமானதளம் கிடக்கிறது. அவசரமாகக் கட்டிய வெள்ளைக்காரர்கள் ஊர்ப் பொதுக்கிணற்றின் மேலேயே கான்கிரீட் போட்டு ஓடுதளத்தை இழுத்துவிட்டார்கள். சண்டை முடிந்ததும் திறந்துவிடுகிறோம் என்றார்களாம். விமானங்கள் போயின, சொன்னவர்களும் போனார்கள். அப்புறம் அங்கே மிளகாய் காய்ந்தது. வாலிபர்கள் கார் ஓட்டப் பழகினார்கள்.

இரண்டு கோடைக்கு முன் பூமாரி ஊருக்குப் போயிருந்தபோது லாரி வரவில்லை. ஒரு குடம் தண்ணீருக்காக அவளுடைய மதினியும் பக்கத்து வீட்டுக்காரியும் தெருவில் கட்டிப் புரண்டார்கள்.

“அந்தக் கெணத்த நாமளே தொறந்தா என்னண்ணே?” என்றாள் பூமாரி.

அண்ணன் தங்கபாண்டி சிரித்தான். “எம்பது வருசமா கெடக்க கான்கிரீட்டு. நீ உடைக்கப் போறியாக்கும்?”

“தெனமும் அதத்தான செய்யுதேன்.”

நிலம் அரசாங்கத்துடையது. கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி, தாலுகா ஆபீஸ் வாசலில் போய்ப் போய் நின்றாள். கிணறே கிடையாது என்றார்கள். உடைத்துக் காட்டுகிறேன் என்றாள். இந்த மாசியில்தான் அனுமதி கிடைத்தது.

அவள் குழுவின் மேஸ்திரி பிரவின்ராஜ் மெஷினும் கம்ப்ரசரும் இரவல் கொடுத்தான். “திங்கக்கிழம சைட்டுக்குத் திரும்ப வந்து எத்தணும், கேட்டோ அக்கா.”

கிணறு ஓடுதளத்தின் வடக்கு முனையில் இருந்தது என்பது மட்டுமே ஊருக்குத் தெரியும். முதலில் உடைத்த இடத்தில் வெறும் செம்மண். இன்னோர் இடத்திலும் அதே. வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்தார்கள்.

“போதும் பூமாரி, நாலு பேரு சிரிக்கான்” என்றான் தங்கபாண்டி.

“சிரிக்கட்டும். இன்னும் டீசல் கெடக்குல்லா?”

சாயங்காலம், வேறோர் இடத்தில் உளிமுனை சட்டென்று உள்ளே இறங்கியது. பூமாரி தடுமாறிப் பின்னால் விழுந்தாள். துளை வழியே ஒரு கல்லைப் போட்டாள். அது எங்கோ கீழே போய் மோதிய சத்தம் கேட்டது. கலைந்து போனவர்கள் மண்வெட்டியும் கூடையுமாக ஓடி வந்தார்கள்.

அவள் வேலைக்குத் திரும்பிய பிறகும் ஊர் கூடிக் கிணற்றுக்குள் கிடந்த இடிபாடுகளை அள்ளியது. ஒரு நாள் தங்கபாண்டி போனில் கூப்பிட்டான்.

“தண்ணி வந்துட்டு தாயி. ஆனா உப்புக் கரிக்கி. மாட்டுக்குத்தான் ஆவும்.”

பூமாரிக்குக் கண் நிறைந்தது. துடைத்துக்கொண்டாள்.

“மூடிக் கெடந்த கெணத்துத் தண்ணி அப்படித்தாம்ணே இருக்கும். எறைங்க. மாறலேன்னா இன்னும் ஆழமாத் தோண்டுவோம். சனிக்கிழம வாரேன்.”